கியோட்டோவில் மூன்று மணி நேரம்: கறுப்பு ராமென், கூந்தல் கயிறு

ரயில் மாறும் இடைவெளியில் மூன்று மணி நேரம்தான், அப்பாவுக்கு முழங்கால் வலி, ஒரு பழைய ராமென் (ஜப்பானிய நூடுல்ஸ் சூப்) கடையும் ஒரு கோயிலும் போதும் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும்.

கியோட்டோ நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஷின்புகு சைகான் என்ற ராமென் கடை. 1938இல் தள்ளுவண்டியில் தொடங்கியது. சூப் சோயா சாஸில் கன்னங்கரேல் என்று இருக்கும், மிரள வேண்டாம். பார்ப்பதற்குத்தான் அப்படி, வாயில் வைத்தால் அவ்வளவு உப்புக் கரிக்காது. அதே நிறத்தில் வரும் வறுத்த சோற்றையும் வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். பன்றி இறைச்சி தவிர்ப்பவர்கள் என்றால் இந்தக் கடை ஒத்துவராது. பக்கத்துக் கடையும் பழையதுதான், ஆனால் அங்கே வரிசை நீளம். அப்பாவை நிற்க வைக்காதீர்கள்.

அப்புறம் நிலையத்துக்கு வடக்கே ஹிகாஷி ஹொங்கான்ஜி என்ற புத்தக் கோயில். கட்டணம் கிடையாது. 1864 தீயில் எரிந்த பிரதான மண்டபம் 1895இல்தான் மறுபடி எழுந்தது. பெரிய மரங்களை இழுக்கும்போது சாதாரணக் கயிறுகள் அறுந்துகொண்டே இருந்ததால், பெண்கள் தங்கள் கூந்தலை வெட்டிக் கொடுத்தார்கள். சணலோடு முறுக்கிய அந்தக் கயிற்றில் ஒன்றை மண்டபங்களுக்கு இடையிலுள்ள நடையில் சுருட்டி வைத்திருக்கிறார்கள். கைக்குள் அடங்காத தடிமன். அதன் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன்.

செருப்பைக் கழற்ற வேண்டும். அப்பா படியில் உட்கார்ந்து நிதானமாகக் கழற்றட்டும்.