முதல் வகுப்பிலேயே ஆட விடுங்கள்

கேள்வி: கலைக் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். கூடைப்பந்து வகுப்பில் 30 பேர், பாதிப் பேர் பந்தையே தொட்டதில்லை. இருப்பது ஒரு கோர்ட், ஐந்து பந்து. டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவது), பாஸ், லே-அப் (ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் எழும்பிப் பந்தைப் போடுவது) என்று வரிசையில் நிற்கவைத்துப் பயிற்சி தருகிறேன், மூன்றாவது வாரமே பாதிக் கூட்டம் காணோம். ‘மாணவர்களை மையமாக வைத்து நடத்துங்கள்’ என்கிறார்கள். அப்படியென்றால் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த வரிசையைக் கலையுங்கள். ஐந்து பந்துக்கு 30 பேர் என்றால் ஒருவர் தட்டிக்கொண்டு போக ஐந்து பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். நானும் பல வருஷம் இதைத்தான் செய்தேன்.

ஐந்தைந்து பேராக ஆறு அணி பிரித்து, பாதிக்கோர்ட்டுக்கு மூன்று அணி விடுங்கள். இரண்டு அணி மூவருக்கு மூவர் ஆடட்டும் (மீதி இருவர் வெளியே), மூன்றாவது அணி விசிலும் ஸ்கோரும் பார்க்கட்டும். ஒரே விதி: டிரிபிள் கிடையாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், அடங்காத 18 பேர் கொண்ட ஒரு வகுப்பைச் சமாளிக்க, கூடைப்பந்தை உருவாக்கிய நைஸ்மித் எழுதிய 13 விதிகளிலேயே பந்தோடு ஓடக்கூடாது, நின்ற இடத்திலிருந்து எறிய வேண்டும் என்றுதான் இருந்தது. தட்டிக்கொண்டு ஓடுவதெல்லாம் பின்னால் வந்தது.

என்ன நடக்கும்? எல்லோரும் பந்தைச் சுற்றி மொய்ப்பார்கள், ‘டேய், எனக்குப் போடு’ என்று ஒரே கத்தல். நாலு நிமிஷம் விட்டுவிட்டு விசில் அடித்து, ‘பந்து வைத்திருந்தவருக்குப் பாஸ் போட ஏன் ஆளே கிடைக்கவில்லை?’ என்று மட்டும் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள் (வாய் துறுதுறுக்கும், தெரியும்). அவர்களே ஒரு நிமிஷம் கூடிப் பேசி, விலகி நிற்கணும் என்று கண்டுபிடிப்பார்கள். இரண்டாவது வகுப்போ மூன்றாவதோ, யாராவது ஒருவர் ‘சார், ரெண்டு தட்டு தட்டிக்கலாமா?’ என்று கேட்பார், அன்றைக்கு டிரிபிள் சொல்லிக்கொடுங்கள், பத்து நிமிஷம் போதும், ஏனென்றால் அது எதற்கு என்று இப்போது அவர்களுக்கே தெரியும். ஆட்டம் முதலில், நுட்பம் அப்புறம் என்ற இந்த முறையை 1982இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பங்கரும் தார்ப்பும் எழுதிவைத்தார்கள்.

காலேஜ் டீமில் ஆடுகிறவர்கள் வகுப்பில் இருந்தால் ஆட்டத்தை விழுங்கிவிடுவார்கள். அவர்களை அணிக்கு ஒருவராகப் பிரித்துப் போட்டு, மூவர் கையும் பட்ட பிறகு போடும் கூடைக்குத்தான் பாயின்ட் என்று சொல்லுங்கள். ஷூட்டிங் தூரத்தை அவரவர் தேர்ந்தெடுக்கட்டும். ஐந்தில் இரண்டு பந்தாவது 6ஆம் நம்பராக இருக்கட்டும், பெண்களுக்கான அளவு அது. 7ஆம் நம்பர் பந்தைக் கொடுத்துவிட்டு ரிங் வரை போகவில்லையே என்று குறைசொல்லக்கூடாது.

மார்க் விஷயம்தான் சிக்கல். பத்து லே-அப்பில் எத்தனை விழுந்தது என்று எண்ணினால் பழைய கதைதான். வெளியே உட்கார்ந்திருப்பவர் தன் அணியில் ஒருவரைப் பார்த்து, எத்தனை முறை பாஸ் வாங்கத் தோதாக விலகி ஓடினார் என்று குறிக்கட்டும். பருவக் கடைசி மேட்சுகளில் நீங்கள் வாய்திறக்காமல் ஓரமாக நில்லுங்கள். 2024 ஒலிம்பிக்கில் ஆடிய 3×3 (மூவருக்கு மூவர்) ஆட்டத்திலும் பயிற்சியாளருக்குக் கோர்ட்டில் இடமிருக்கவில்லை.

ஒன்றை மட்டும் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஷூட் போட எழும்பியவர் இறங்கும் இடத்தில் யாரும் கால் வைக்கக்கூடாது, இதை முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுங்கள். கணுக்கால் பிசகினால் அந்தப் பருவமே போய்விடும்.