வெங்காய வேரும் நொய்யல் தண்ணீரும்

வணக்கம்.

காங்கயம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். பதினோராம் வகுப்புக்கு வெங்காய வேர்நுனியில் செல் பிரிதலைக் காட்ட வேண்டும். மூன்று வருடமாக முயன்றும் மைக்ராஸ்கோப்பில் சிவப்புக் குழம்புதான் தெரிகிறது. ‘ஒன்னுமே தெரியலீங் டீச்சர்’ என்று பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். கடையில் வாங்கிய நிரந்தர ஸ்லைடைக் காட்டித்தான் பாடத்தை முடிக்கிறேன்.

இன்னொரு கேள்வி. அறிவியல் கண்காட்சிக்காக நான்கு மாணவிகள் நொய்யல் ஆற்றுத் தண்ணீரில் சின்ன வெங்காயத்தை வேர்விட வைத்தார்கள். குழாய்த் தண்ணீரில் வந்த வேரில் பாதி நீளம்கூட வரவில்லை. ‘சாயக்கழிவு வெங்காயத்தின் மரபணுவை மாற்றிவிட்டது’ என்று தலைப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி எழுதலாமா?

உயிரியல் ஆசிரியை, காங்கயம் வட்டாரம்

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

எழுதக் கூடாது. வேர் குட்டையானது உண்மை, அளந்த உண்மை. ஆனால் அது ஏன் குட்டையானது என்பது ஸ்கேலுக்குத் தெரியாது. வேருக்குள் இருக்கும் செல்களைப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே உங்கள் முதல் கேள்வியைச் சரிசெய்யாமல் இரண்டாவதற்குப் போக முடியாது.

வெங்காயத்தைப் பாடநூல்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதன் குரோமோசோம்கள் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை. ஒரு செல்லில் 16. பெரிய வெங்காயமானாலும் சின்ன வெங்காயமானாலும் அதே 16தான். கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 1930களில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். தடித்த கரும்பில் 80, கோவைப் பக்கம் கிடைத்த நாணல் வகைக் காட்டுக் கரும்பில் 64, இரண்டும் சேர்ந்த கலப்பினங்களில் நூறுக்கும் மேல். அத்தனையும் பொடிப்பொடியானவை. அதோடு ஒப்பிட்டால் வெங்காயம் எளிது. உங்கள் வகுப்பில் அது தெரியாமல் போவதற்குக் காரணம் வெங்காயம் அல்ல, இடையில் விடுபடும் இரண்டு மூன்று படிகள்.

சின்ன வெங்காயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் டியூப் வாயில் தானாகவே உட்கார்ந்துகொள்ளும், குச்சி குத்தி நிறுத்த வேண்டியதில்லை. புதிதாகப் பறித்தது வேர்விடத் தாமதமாகும். பட்டறையில் ஒன்றிரண்டு மாதம் கிடந்த காயில் ஒரு நாளில் வேர் எட்டிப் பார்க்கும், இரண்டு மூன்று நாளில் நீளும். அடித்தட்டில் ஒட்டியிருக்கும் காய்ந்த பழைய வேரைப் பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள், தட்டையே சீவிவிடாதீர்கள். புது வேர் அந்தத் தட்டின் விளிம்பு வளையத்திலிருந்துதான் வரும். அடித்தட்டு மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும். காய் மூழ்கினால் அழுகும். சிறுவாணித் தண்ணீரானாலும் ஆற்றுத் தண்ணீரானாலும் குளோரின் போட்டுத்தான் குழாயில் வருகிறது, அதனால் ஓர் இரவு திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். தினமும் மாற்றுங்கள், நிழலில் வையுங்கள்.

வேர் 1 முதல் 2 செ.மீ. நீளம் வந்ததும் வெட்டிவிட வேண்டும். பிரியும் செல்கள் நுனியிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கின்றன. நுனியில் வேர்மூடி, அதை ஒட்டி ஆக்குத்திசு, அதற்கு மேலே இருப்பதெல்லாம் நீளும் செல்கள். மைக்ராஸ்கோப்பில் நீளநீளமான பெட்டிகளும் நடுவே சிறு புள்ளியாக நியூக்ளியஸும் தெரிந்தால் தவறான இடத்தை நசுக்கியிருக்கிறீர்கள் என்று பொருள். சதுரமான செல்லும் அதை நிறைத்த பெரிய நியூக்ளியஸும்தான் சரியான இடத்துக்கு அடையாளம்.

காலை எட்டிலிருந்து பத்துக்குள் வெட்டுவது வழக்கம். உங்கள் வகுப்பு மதியம் என்றால் மதியம் வெட்டாதீர்கள். காலையிலேயே வெட்டி நிலைநிறுத்தும் கரைசலில் போட்டுவிட்டால் செல்கள் அந்த நொடியில் நின்றுவிடும். மூன்று பங்கு எத்தனால், ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம். அன்றன்று கலக்க வேண்டும். வைத்திருந்தால் இரண்டும் தமக்குள் வினைபுரிந்து எஸ்டராகிவிடும், வேலை செய்யாது. சமையல் வினிகர் இதற்கு ஆகாது, அதில் அமிலம் 4, 5 சதவீதம்தான். 24 மணி நேரம் கழித்து வேர்களை 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும்.

உங்கள் சிவப்புக் குழம்புக்கு வருகிறேன். தாவர செல்களைச் செங்கல்லுக்கு நடுவே சாந்துபோல ஒட்டி வைத்திருப்பது பெக்டின். அதைக் கரைக்காமல் எவ்வளவு நசுக்கினாலும் செல்கள் அடுக்கடுக்காகவே நிற்கும். மூன்று நான்கு அடுக்கின் வழியே ஒளி வந்தால் சிவப்புதான் தெரியும். பல பள்ளிகளில் ஸ்லைடின் மேலேயே ஒரு சொட்டு 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, விளக்கில் காட்டி, உடனே சாயம் விடுகிறார்கள். அது அரைகுறையாகத்தான் கரைக்கும். 1 நார்மல் அமிலம், 60 டிகிரி, 8 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1 நார்மலுக்கு: 90 மில்லி தண்ணீரில் சுமார் 8.5 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு, பிறகு 100 மில்லியாக நிரப்புங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை விடக் கூடாது. இதை மாணவர்களிடம் கொடுக்காதீர்கள். 60 டிகிரிக்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. கொதிக்கும் தண்ணீர் ஒரு டம்ளர், சாதாரணத் தண்ணீர் ஒரு டம்ளர் கலந்தால் 60ஐ ஒட்டி வரும். அகன்ற வாய் பிளாஸ்க்கில் ஊற்றி, தெர்மாமீட்டரில் பார்த்துக்கொண்டு, அமிலம் உள்ள டெஸ்ட் டியூபை அதில் ஐந்து நிமிடம் நிறுத்தி அமிலம் சூடான பிறகு வேர்களைப் போடுங்கள். எட்டு நிமிடம் கழித்து எடுத்துத் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். வேர் குழைந்த சோறுபோல மெத்தென்று இருக்க வேண்டும். 15 நிமிடம் விட்டுவிட்டால் நுனியே கழன்றுபோகும், சாயமும் பிடிக்காது.

சாயம் அசிட்டோகார்மைன்: 45 சதவீத அசிட்டிக் அமிலம் 100 மில்லியில் 1 கிராம் கார்மைனை மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வடிகட்ட வேண்டும். புகை மூக்கைப் பிடுங்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெளிறித் தெரிந்தால், சாயத்தில் கிடக்கும் வேரைத் துருப்பிடித்த இரும்பு ஊசியால் கிளறுங்கள். இரும்பு சேர்ந்ததும் குரோமோசோம் கருஞ்சிவப்பாகும். இந்தக் கார்மைன் எங்கிருந்து வருகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருக்கும் பூச்சியை நசுக்கினால் விரலெல்லாம் சிவக்குமே, அதன் நெருங்கிய உறவுப் பூச்சியிலிருந்துதான்.

சாயத்தில் 15, 20 நிமிடம் கிடந்த வேரை ஸ்லைடில் வைத்து, அடர்த்தியாகச் சிவந்த நுனி 2 மில்லிமீட்டரை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் தூக்கி எறியுங்கள். மீதியையும் வைத்துக்கொள்ளும் ஆசைதான் பல ஸ்லைடுகளைக் கெடுக்கிறது. ஒரு சொட்டு 45 சதவீத அசிட்டிக் அமிலம், கவர் ஸ்லிப். பென்சிலின் பின்முனையால் இருபது முப்பது தட்டு மெல்லத் தட்டுங்கள். திசு மேகம்போலப் பரவும். விளக்கின் மேல் இரண்டு மூன்று முறை காட்டுங்கள், புறங்கை தாங்கும் சூடு போதும், கொதித்தால் காற்றுக்குமிழி வந்து கெட்டது. பிறகு மையொற்றும் தாளை மடித்து மேலே வைத்து, கட்டைவிரலால் நேர்செங்குத்தாக அழுத்துங்கள். கவர் ஸ்லிப் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் செல்கள் திரிதிரியாகச் சுருண்டுவிடும்.

பத்து மடங்கு லென்ஸில் தேடி, நாற்பதில் பார்க்க வேண்டும். நூறு செல்லில் தொண்ணூறு இன்டர்ஃபேஸில்தான், அதாவது பிரியாத நிலையில்தான், இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாடநூல் படம் நான்கு நிலைகளையும் ஒரே அளவில் வரைந்திருப்பதால், ஒவ்வொன்றும் சம அளவில் இருக்கும் என்று பிள்ளைகள் எதிர்பார்க்கிறார்கள், காணாததும் எழுந்துவிடுகிறார்கள். எண்ணச் சொல்லுங்கள். 1000 செல்லில் 80 பிரிந்துகொண்டிருந்தால் பிரிதல் விகிதம் 8 சதவீதம். முழுச் சுழற்சிக்கு 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், பிரிவதற்குச் செலவாவது ஏறத்தாழ 96 நிமிடம். அசையாத ஸ்லைடிலிருந்து நேரத்தைக் கணக்கிட முடிகிறது என்பது எந்தப் பதினாறு வயதுப் பிள்ளையையும் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

இனி நொய்யல். உங்கள் மாணவிகள் செய்தது உலகம் முழுக்கச் செய்யப்படும் சோதனைதான். 1938இல் லெவான் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் கோல்சிசின் என்ற தாவர வேதிப்பொருள் வெங்காய வேரில் என்ன செய்கிறது என்று காட்டினார். 1985இல் ஃபிஸ்கேஸ்யோ என்ற ஆய்வாளர் வெங்காய வேர்ச் சோதனையை நீர் மாசுக்கான முறையாக வகுத்தார். (கோல்சிசினைப் பள்ளிக்குள் கொண்டுவராதீர்கள், அது கடும் நஞ்சு.) குறை ஒன்றே ஒன்று: உப்புக்கென்று ஒரு டம்ளர் வைக்கவில்லை.

பருத்தித் துணியில் சாயம் ஏற, சாயத் தொட்டியில் சாதா உப்போ சோடியம் சல்பேட்டோ லிட்டருக்குப் பல பத்து கிராம் போடுகிறார்கள். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தை எடுக்கும், கரைந்த உப்பை விட்டுவிடும். ஆர்ஓவும் ஆவியாக்கியும் வைத்து ஒரு சொட்டும் வெளியே விடாத முறையை நிறைவேற்றாத திருப்பூர்ச் சாய ஆலைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதற்கு இந்த உப்பும் ஒரு முக்கியக் காரணம். உப்பு கூடிய தண்ணீரில் வேர் நீரை இழுக்கத் திணறும், செல் நீளாது, வேர் குட்டையாகும். குரோமோசோமுக்கு ஒன்றும் ஆகாமலேயே இது நடக்கும். நம் ஊர்ப் போர்த் தண்ணீரே பல இடங்களில் இந்த வேலையைச் செய்துவிடும்.

ஆகவே நான்கு வரிசை வையுங்கள்: குழாய்த் தண்ணீர், நொய்யல் தண்ணீர், நொய்யலும் குழாயும் பாதிக்குப் பாதி, நான்காவதாக, கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் நொய்யல் தண்ணீருக்குக் காட்டிய அதே எண்ணைக் காட்டும்வரை உப்புப் போட்ட குழாய்த் தண்ணீர். எல்லாவற்றையும் முதலில் டீ ஆற்றுவதுபோலப் பத்து முறை ஆற்றுங்கள். சாக்கடை கலந்த தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும், அதுவே வேரை நிறுத்திவிடும். பிஎச் தாளிலும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வரிசைக்குப் பன்னிரண்டு காய். எல்லாம் ஒரு நாள் நல்ல தண்ணீரில் வேர் எட்டிப் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். கடைசியில் ஒவ்வொரு வரிசையிலும் மோசமான இரண்டைக் கழித்துவிடலாம்.

உப்பு வரிசையும் நொய்யல் வரிசையும் ஒரே நீளம் என்றால், பெரும்பாலும் உப்புதான் காரணம். நொய்யல் வரிசை அதைவிடக் குட்டை என்றால் வேறு ஏதோ இருக்கிறது. அப்போது ஸ்லைடு போடுங்கள். பிரிதல் விகிதம் குறைந்திருக்கிறதா? குரோமோசோம்கள் இரு பக்கமாக விலகும் அனாஃபேஸில் இரு முனைகளுக்கு நடுவே நூல்போலப் பாலம் நிற்கிறதா? அது, முறிந்த குரோமோசோம் முனைகள் தவறாக ஒட்டிக்கொண்டதன் அடையாளம். ஒன்றிரண்டு குரோமோசோம் நடுவில் பின்தங்கி நின்றால் குரோமோசோமை இழுக்கும் கதிர்க்கோல் இழைகளில் கோளாறு இருக்கலாம். ஆனால் முரட்டுத்தனமாக நசுக்கினாலும் அப்படித் தெரியும். பள்ளியில் எளிது மைக்ரோநியூக்ளியஸ்: பெரிய நியூக்ளியஸுக்குப் பக்கத்தில் கடுகளவு இன்னொன்று. 1000 செல்லுக்கு எத்தனை என்று எண்ணலாம். ஸ்லைடில் ஊர்ப் பெயர் எழுதாமல் எண் மட்டும் போட்டு, எண்ணும் பிள்ளைக்கு எது எந்தத் தண்ணீர் என்று சொல்லாதீர்கள். நொய்யல் என்று தெரிந்தால் கண் தானாகவே கோளாறைத் தேடும்.

பாலம் தெரிந்தாலும் ‘மரபணு மாறிவிட்டது’ என்று எழுத முடியாது. குரோமோசோம் முறிவு என்று எழுதலாம். மரபணுவின் எழுத்து மாற்றம் இந்த மைக்ராஸ்கோப்பில் தெரியாது. வேரில் நடந்தது அடுத்த தலைமுறைக்கும் போகாது, விதையும் காயும் வேரிலிருந்து உண்டாவதில்லை. ‘சாயக்கழிவு’ என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். வெள்ளியங்கிரியிலிருந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும்வரை அந்த ஆறு இரண்டு மாநகரங்களின் வீட்டுச் சாக்கடையையும் சுமக்கிறது. எது யாருடையது என்று வெங்காயம் சொல்லாது. தலைப்பு இப்படி இருக்கட்டும்: ‘இந்தத் தேதியில், இந்தப் பாலத்தடியில் எடுத்த நொய்யல் தண்ணீரில் சின்ன வெங்காய வேர் 3 நாளில் இத்தனை மி.மீ.; குழாய்த் தண்ணீரில் இத்தனை; அதே அளவு உப்புத் தண்ணீரில் இத்தனை.’

திங்கள் காலை வெங்காயத்தை வையுங்கள். அன்று மாலை பெரியவர் ஒருவர் கையுறையோடு தண்ணீர் எடுத்து, துணியில் வடிகட்டி, ஃபிரிட்ஜில் வைக்கட்டும். பிள்ளைகள் ஆற்றில் இறங்க வேண்டாம். செவ்வாய் காலை எட்டரைக்கு அந்தந்த வரிசைக்கு மாற்றுங்கள். வெள்ளி காலை எட்டரைக்கு நீளம் அளந்து, நுனிகளை வெட்டிக் கரைசலில் போடுங்கள். சனி காலை 70 சதவீத எத்தனாலுக்கு மாற்ற ஒருவர் பள்ளிக்கு வர வேண்டியிருக்கும். திங்கள் மதியம் பிள்ளைகளை மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார வைக்கலாம்.