மூக்கோரப் பரு ஆறவே இல்லை: நமக்கும் தோல் புற்றுநோய் வருமா?

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது, கரும்புத் தோட்டத்தில் முப்பது வருஷம் வெயிலில் நின்றவர். எட்டு மாதமாக மூக்கோரத்தில் மிளகு அளவுக்குக் கருப்பாக, பளபளவென்று ஒரு பரு. துடைத்தால் ரத்தம், அப்புறம் பொருக்கு, மறுபடி ரத்தம். “அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு வர்ற நோய்” என்று டாக்டரிடம் வர மறுக்கிறார்.

பதில்: இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

அப்பா சொல்வது பாதி சரி. கருமை தரும் மெலனின் நிறமி இருப்பதால் நன்கு கருத்த தோல் சுமார் 13 எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு) அளவுக்கு வெயிலைத் தடுக்கும், வெள்ளைத் தோல் 3 சொச்சம்தான், நம்முடையது நடுவில். ஆனால் குடை பிடித்தவன்கூட முப்பது வருஷம் மழையில் நின்றால் நனையத்தான் செய்வான். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பேசல் செல் என்ற தோல் புற்றுநோய் வகையோ என்று எனக்குச் சந்தேகம், வெள்ளையர்களுக்கு முத்துப்போல மினுங்கும் அது நம் தோலில் பெரும்பாலும் கருப்பாக வருவதால் மச்சம் என்று விட்டுவிடுகிறோம். வேறு உறுப்புக்குப் பரவுவது அபூர்வம், ஆனால் விட்டுவைத்தால் மூக்கை அரித்துவிடும். மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்து பயாப்சி என்ற திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதுதான் என்றால் பெரும்பாலும் வெட்டி எடுத்தாலே தீர்ந்தது.

ஸ்குவாமஸ் செல் என்ற இன்னொரு தோல் புற்றுநோய் வகை அப்படியில்லை, பரவக்கூடியது. வெயில் படும் கீழுதட்டில், காதில் வரும், நம் போன்ற தோலில் பழைய தீக்காயத் தழும்பிலும் ஆறாத புண்ணிலும்கூட வரும். சர்க்கரைப் புண் என்று மாதக்கணக்கில் பேண்டேஜை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

மூன்றாவது வகையான மெலனோமாவோ நம்மவர்களுக்கு அதிகமும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயிலே படாத இடத்தில் வரும். ரெக்கே பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால்விரல் நகத்தடியில் கண்டுபிடித்தார்கள், 1981-ல் 36 வயதில் போய்விட்டார். நம் பக்கம் புனித வெள்ளிக்குத் தீமிதிப்பவர்கள் பாதத்தில் கருப்புத் திட்டு வந்தால் நெருப்புச் சுட்டது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. திட்டு பெரிதானாலும், ஓரம் கோணல்மாணலாகப் பரவினாலும் காட்டிவிட வேண்டும்.

வெயிலுக்கு, காலை 10 முதல் 3 வரை காதும் கழுத்தும் மறையும் அகலத் தொப்பி, முகத்துக்கு 30 எஸ்பிஎஃப் சன்ஸ்கிரீன். பேஸ்பால் தொப்பி காதை மறைக்காது.

சரி, அப்பாவை எப்படிக் கிளப்புவது? புற்றுநோய் என்ற பேச்சையே எடுக்காமல், “ரத்தம் வர்ற பருவை எடுத்துட்டு வந்துடலாம்” என்று சொல்லுங்கள். அங்கே போனதும் செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் காட்டச் சொல்லுங்கள்.