உள் ஐபிக்கு எதற்குக் காசு கொடுத்துச் சான்றிதழ்?

கேள்வி: எங்கள் தளம் எச்டிடிபிஎஸ்தான். முன்னால் பயனர்களின் கோரிக்கையை வாங்கிப் பின்னால் அனுப்பும் என்ஜின்எக்ஸ் வெப்சர்வர், பின்னால் வேறொரு மெஷினில் எங்கள் ஜாவா செயலியை ஓட்டும் டாம்கேட் சர்வர். இரண்டுக்கும் நடுவே 8080 போர்ட்டில் மறையாக்கம் இல்லாத சாதா எச்டிடிபி ஓடுவதை ஆடிட்டில் பிடித்துவிட்டார்கள். 10.0.4.21 என்ற உள் ஐபிக்கும் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஏஜென்ட் விலை சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அப்படியொரு சான்றிதழ் சந்தையிலேயே கிடையாது. 10, 192.168 என்று தொடங்கும் உள் முகவரிகளுக்குப் பிரவுசர்கள் நம்பும் எந்த சிஏ (சான்றிதழ் வழங்கும்) நிறுவனமும் சான்றிதழ் தரக்கூடாது என்ற விதி 2015 நவம்பரிலேயே முழுதாக அமலுக்கு வந்துவிட்டது. பெரும்பாலும் உங்கள் தலையில் கட்டப்படுவது ஒரு வைல்ட்கார்டாக, அதாவது உங்கள் டொமைனின் எல்லாத் துணைப் பெயர்களுக்கும் பொதுவான சான்றிதழாக இருக்கும். உள்ளே ஓடும் இணைப்புக்கு அது தேவையே இல்லை. போதாக்குறைக்கு, வெளிச் சான்றிதழ்களின் ஆயுள் சுருங்கிக்கொண்டே வருகிறது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் வெறும் 47. ஒவ்வொரு தடவையும் ஏஜென்ட் வாசலில் போய் நிற்பீர்களா?

ஏஜென்ட் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழையும் அதன் ரகசியச் சாவியான பிரைவேட் கீயையும் ஒரே ஜிப்பில் போட்டு மெயிலில் அனுப்புகிறவரிடம் எதையும் வாங்காதீர்கள். கீ உங்கள் மெஷினிலேயே பிறக்க வேண்டும். அவர் கைக்குப் போகவேண்டியது சிஎஸ்ஆர் என்ற சான்றிதழ் விண்ணப்பக் கோப்பு மட்டும். கீயைப் பார்த்தவர் எவரும் உங்கள் தளமாக வேஷம் போட முடியும்.

உங்களுக்குத் தேவை சொந்த சிஏ, அதாவது உங்கள் சான்றிதழ்களுக்கு நீங்களே கையெழுத்திடுவது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவசக் கருவி போதும், செலவு பூஜ்யம். சிஏவின் கீயை இரண்டு சர்வரிலும் வைக்காமல் தனியாகப் பூட்டி வையுங்கள். அதைக் கொண்டு டாம்கேட்டுக்கு ஓராண்டுச் சான்றிதழ் ஒன்று கையெழுத்திடுங்கள். அதில் ஐபியை எழுதாமல், ‘ஆப்1.இன்டர்னல்’ போல ஒரு பெயரை சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம் (சான்றிதழ் எந்தப் பெயருக்குச் செல்லும் என்று சொல்லும்) பகுதியில் எழுதுங்கள். சான்றிதழையும் கீயையும் பிகேசிஎஸ்12 என்ற வகையில் ஒரே கோப்பாகக் கட்டி, டாம்கேட் ஓடும் யூசர் மட்டும் படிக்கும்படி வைத்து, டாம்கேட்டின் அமைப்புக் கோப்பான சர்வர்.எக்ஸ்எம்எல்லில் 8443 போர்ட்டுக்கு எஸ்எஸ்எல் கனெக்டர் (மறையாக்க இணைப்பை ஏற்கும் பகுதி) எழுதுங்கள். மறையாக்க நெறிமுறையில் டிஎல்எஸ் 1.2, 1.3 இரண்டு மட்டும் இருக்கட்டும்.

அடுத்து என்ஜின்எக்ஸ். கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் ‘ப்ராக்ஸி_பாஸ்’ வரியில் எச்டிடிபிஎஸ், 8443 என்று மாற்றினால் தளம் ஓடும், ஆடிட்டரும் டிக் அடித்துவிட்டுப் போவார். பலரும் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ‘ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_வெரிஃபை’ என்ற அமைப்பு சொல்லாமல் விட்டால் ‘ஆஃப்’. அதாவது எதிரில் இருப்பது உங்கள் டாம்கேட்தானா, நடுவில் புகுந்த வேறு எவனாவதா என்று என்ஜின்எக்ஸ் பார்ப்பதே இல்லை. ரகசியம் பேசுகிறது, யாரிடம் என்றுதான் தெரியாது. இதைக் கேட்க ஆடிட் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை என்பது தனி வயிற்றெரிச்சல்.

ஆகவே நான்கு வரி சேருங்கள்: வெரிஃபை ‘ஆன்’, ‘ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_டிரஸ்டட்_சர்ட்டிஃபிகேட்’டில் உங்கள் சிஏ சான்றிதழ் இருக்கும் இடம், ‘ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_நேம்’ ஆப்1.இன்டர்னல், ‘ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_சர்வர்_நேம்’ ‘ஆன்’. மூன்றாவது வரியை விட்டால்தான் வம்பு. பின்னால் உள்ள சர்வர்களைப் பட்டியலிடும் அப்ஸ்ட்ரீம் பிளாக்குக்கு ‘பேக்எண்ட்’ என்று பெயர் வைத்திருந்தால், சான்றிதழில் ‘பேக்எண்ட்’ இருக்கிறதா என்று என்ஜின்எக்ஸ் தேடும், இருக்காது, பின்னால் உள்ள சர்வரோடு பேச முடியவில்லை என்ற 502 பிழை வரும். எரர் லாகைத் திறந்து பாருங்கள். பெயர் பொருந்தவில்லை என்றிருந்தால் இந்த வரிதான். அடைப்புக்குள் 20 என்ற எண் இருந்தால் சிஏ கோப்பு தப்பு. 502 வந்ததும் ‘தற்காலிகமாக’ வெரிஃபையை அணைத்து வைப்பார்கள். அந்தத் தற்காலிகம் வருஷக்கணக்கில் நீடிக்கும்.

பழைய 8080 கனெக்டரை எடுத்துவிடுங்கள். 8443-ஐ என்ஜின்எக்ஸ் மெஷினுக்கு மட்டும் ஃபயர்வாலில் திறங்கள். 8009-ல் ஏஜேபி (வெப்சர்வரும் டாம்கேட்டும் பேசிக்கொள்ளும் இன்னொரு நெறிமுறை) இருந்தால் அதையும் மூடுங்கள். அதற்கு மறையாக்கமே கிடையாது, 2020-ல் வெளிவந்த கோஸ்ட்கேட் என்ற டாம்கேட் பாதுகாப்பு ஓட்டையும் அந்த வழியாகத்தான்.

இதெல்லாம் தேவைப்படாத இடம் ஒன்று உண்டு. இரண்டும் ஒரே மெஷினில் இருந்து, டாம்கேட் 127.0.0.1-ல் (அந்த மெஷின் தன்னையே குறிக்கும் முகவரி) மட்டும் காது கொடுத்தால் சாதா எச்டிடிபியே போதும். பாக்கெட் மெஷினை விட்டு வெளியே போவதில்லை. ‘மட்டும்’ என்பதுதான் முக்கியம். கனெக்டரில் அட்ரஸ் எழுதாவிட்டால் டாம்கேட் எல்லா முகவரியிலும் திறந்து நிற்கும். டாம்கேட்டை டாக்கர் கண்டெய்னரில் ஓட்டினால் இன்னும் மோசம்: போர்ட்டை ‘8080:8080’ என்று எழுதினால் லினக்ஸின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் நீங்கள் மூடி வைத்திருந்தாலும் அதைச் சுற்றிக்கொண்டு வெளியே திறக்கும். ‘127.0.0.1:8080:8080’ என்று எழுதுங்கள். எழுதிய பிறகு அந்த மெஷினில் உட்கார்ந்து சோதித்துப் பயனில்லை, பக்கத்து மெஷினிலிருந்து தொட்டுப் பாருங்கள். உங்கள் டாம்கேட் வேறு மெஷினில் இருப்பதால் இந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. ‘எல்லாம் ஒரே லேன்தானே’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கடைசியில், கூட்டம் இல்லாத நேரத்தில் ‘ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_நேம்’ வரியில் வேண்டுமென்றே ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டு ரீலோட் செய்யுங்கள். 502 வரவேண்டும். தளம் வழக்கம்போல் திறந்தால், வெரிஃபை இன்னும் ஆன் ஆகவில்லை.