கரைப்பான் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் இரத்தமும் விந்தணுவும் பாதிக்கப்படுமா?

உலோகப் பாகங்களைக் கரைப்பானில் கழுவும் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்ப்பதாகவும், குழந்தைக்காகக் காத்திருப்பதாகவும், அந்த நெடியால் தீங்கு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கரைப்பான் என்பது எண்ணெய், கிரீஸ் போன்ற அழுக்கைக் கரைத்து நீக்கும் திரவம்; எல்லாக் கரைப்பான்களும் ஒன்றல்ல. ஆனால் சிலவற்றால் இரத்தம், விந்தணு இரண்டுக்குமே தீங்கு உண்டு.

தென் கொரியாவின் யாங்சான் நகரில் மின்னணுச் சுவிட்சுப் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில், ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் கைவிடப்பட்ட பழைய திரவத்துக்குப் பதிலாக, 2-புரோமோபுரோப்பேன் என்ற கரைப்பான் கலந்த புதிய திரவத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றினார்கள். அதை மனிதர் சுவாசித்தால் என்னவாகும் என்று அதற்குமுன் யாரும் முறையாக ஆராய்ந்திருக்கவில்லை. 1995இல், அங்கே வேலை செய்த பெண்கள் பலருக்கு மாதவிலக்கு நின்றுபோனதிலிருந்துதான் விஷயம் வெளிப்பட்டது. பரிசோதித்த 25 பெண்களில் 16 பேருக்கு அந்தப் பாதிப்பு இருந்தது; 8 ஆண்களில் இருவருக்கு விந்தணுவே இல்லை, மேலும் நால்வருக்கு எண்ணிக்கையோ அசைவோ குறைந்திருந்தது. சிலருக்கு இரத்த அணுக்களும் குறைந்திருந்தன. ‘புதிய திரவம், ஆகவே பாதுகாப்பானது’ என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆலைதான் நினைவுக்கு வருகிறது.

இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையிலும், விந்தணு உருவாகும் விரையிலும் உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகிக்கொண்டே இருப்பதால், அந்தப் பிரிதலைக் குலைக்கும் நஞ்சு இரண்டு இடங்களையும் தாக்கக்கூடும். கிளைக்கால் ஈதர்கள் என்னும் கரைப்பான் வகையில் சிலவும் இப்படித்தான். பென்சீன் என்னும் கரைப்பானோ முக்கியமாக மஜ்ஜையைத் தாக்கி, இரத்தசோகை முதல் இரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும். விந்தணு குறைவது வெளியே தெரியாது. தாம்பத்தியத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே எண்ணிக்கை சரிந்திருக்கலாம்.

தொழிலகப் பாதுகாப்புப் பணியில் நான் பார்த்த ஒரு கழுவுமிடத்தில், பீப்பாயின் லேபிள் ஊறி உரிந்துபோய், மூடியில் சாக்பீஸால் ‘வாஷ்’ என்று மட்டும் எழுதியிருந்தது. தொட்டியின் மேல் குனிந்து நின்ற பையன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டியிருந்தான். துணியோ மருத்துவமனை முகக்கவசமோ ஆவியைத் தடுக்காது. அதற்குரிய கரிவடிகட்டி பொருத்திய கவசமும், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் காற்றோட்டமும் வேண்டும். ஆகவே, அந்தத் திரவத்தின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள வேதிப்பெயர்களை மருத்துவரிடம் காட்டுங்கள். முழு இரத்த அணுப் பரிசோதனையும் விந்துப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆவதால், ஆவி படாத இடத்துக்கு மாறிய பின் மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். பலருக்கு எண்ணிக்கை மீள்கிறது; விந்தணு அறவே நின்றுபோனவர்களுக்கு அது உறுதியில்லை என்பதால் நாளைக் கடத்தாதீர்கள். மனைவியை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பாமல், முதலில் நீங்கள் போங்கள்.