பெயர் கேளுங்கள், ஓட்டு கேட்காதீர்கள்

"எனக்கு ஏழாம் மாதம். குழந்தைக்கு என்ன பெயர் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுக்கலாம் என்கிறார் கணவர். மாமியார் ஏற்கெனவே ஒரு பெயரை முடிவே செய்துவிட்டார். எனக்கோ யாரையும் இதில் சேர்க்கப் பிடிக்கவில்லை. சேர்க்காவிட்டால் மனஸ்தாபம் வருமோ?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஓட்டெடுப்பு வேண்டாம். ஒரு பெயர் ஜெயித்தால் மற்ற பெயர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு முகம் சுருங்கும், அதுகூடப் பரவாயில்லை, ஜெயித்த பெயர் உங்கள் இருவருக்கும் பிடிக்காமல் போனால் "அப்புறம் எங்களிடம் எதற்குக் கேட்டீர்கள்?" என்பார்களே, அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. கேட்காமல் விட்ட வருத்தத்தைவிட, கேட்டுவிட்டுத் தள்ளிய வருத்தம்தான் அதிக நாள் நிற்கும் என்பது என் எண்ணம்.

அதற்காக வாயே திறக்காமல் இருக்க வேண்டியதில்லை. முதலில் நீங்களும் கணவரும் தனியாக உட்கார்ந்து, இருவரில் ஒருவர் வேண்டாம் என்றால் அந்தப் பெயர் போய்விடும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சொந்தக்காரர்களிடம், "பிடித்த பெயர் இருந்தால் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறோம், முடிவு நாங்கள் எடுக்கிறோம்" என்று கேளுங்கள். கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் வம்புதான்.

பெயர்கள் இரண்டு மூன்றாகக் குறைந்த பிறகு மறுபடி வெளியாள் தேவைப்படுவார், இந்த முறை பிடித்திருக்கிறதா என்று கேட்க அல்ல, குறை கண்டுபிடிக்க. அந்தப் பெயரை முன்பின் கேட்டிராத ஒருவரிடம் போனில் ஒரே ஒரு தடவை சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அவர் திணறுகிற இடத்தில்தான் குழந்தையும் வாழ்நாள் முழுக்க எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும். பத்து வயதுப் பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால், இதை வைத்து எப்படிக் கிண்டல் பண்ணுவாய் என்று கேட்டுப் பாருங்கள், பெரியவர்களுக்குத் தோன்றாதது நொடியில் வரும். எல்லாரையும் திருப்திப்படுத்த மூன்று பெயரைச் சேர்த்து வைக்கிற யோசனை இருந்தால் ஒரு விஷயம்: பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கிற வரியில் முழுப் பெயருக்கும் சேர்த்து 39 இடம்தான், அதற்கு மேல் போனால் வெட்டிவிடுவார்கள்.

மாமியார் விஷயம் வேறு. அவரிடம் பேச வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் கணவர். "பார்க்கலாம்மா" என்று மட்டும் அவர் சொல்லக் கூடாது, அது சரி என்றுதான் காதில் விழும். ஏன் அந்தப் பெயர் என்று கேட்கட்டும். இறந்துபோன ஒருவரின் நினைவாக இருக்கலாம். அப்படியானால் இரண்டாவது பெயராக வைக்க முடியுமா என்று உண்மையிலேயே யோசியுங்கள். வெறும் ஆசைதான் என்றால் அதையே செல்லப் பெயராகக் கூப்பிடச் சொல்லலாம், குழந்தைக்கு ஒன்றும் குழப்பம் வராது.

முடிவான பெயரைப் பிறப்பதற்கு முன்பே சொல்லிவிடாதீர்கள். வயிற்றில் இருக்கும்போது சொன்னால் அது இன்னும் மாற்றக்கூடிய யோசனை, ஆளாளுக்குத் திருத்தம் சொல்வார்கள். பிறந்து, பெயரைப் பதிவும் செய்துவிட்டுச் சொன்னால் முகம் சுளிப்பவர்கூட இரண்டு நாள்தான் சுளிப்பார். திரும்பத் திரும்பப் பார்க்கிற, கேட்கிற விஷயம் தானாகவே பிடித்துப்போகும் என்று ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் எழுதினார், பெயருக்கும் அது பொருந்துவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பதிவுக்கான கெடு இடத்துக்கு இடம் மாறும், அதை இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்லியும் குழுவில் போட்டே ஆக வேண்டும் என்று கணவர் நின்றால், பெயர் மட்டும் கேட்கட்டும், ஒரு தேதியும் சேர்த்துப் போடட்டும். அதற்கப்புறம் வருகிற பெயர்களை அடுத்த குழந்தைக்கு வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடலாம்.