ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோவா, டெக்ஸ்டைல் பொறியியலா? ஒரு அப்பாவுக்குப் பதில்

வணக்கம் சார்.

தொழிலாளிகள் போடுகிற ஷூ, ஹெல்மெட், மாஸ்க் எல்லாம் நிஜமாகவே உயிரைக் காப்பாற்றுமா என்று சோதிக்கிற வேலைக்குப் போகிறேன் என்கிறாள் உங்கள் பொண்ணு. சொந்தக்காரர்களோ ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோவில் சேர்த்துவிடு, வளைகுடாவில் வேலை நிச்சயம் என்கிறார்கள். இரண்டும் ஒரே துறை என்று நினைத்துக் குழம்பியிருக்கிறீர்கள். ஒன்றில்லை சார்.

சேஃப்டி ஆபீசர் ஆலையில் நின்று விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்பவர். நல்ல வேலைதான், ஆனால் அதற்கு மதிப்புள்ள வழி வேறு. பொறியியலோ டிப்ளமோவோ முடித்து, சில வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, சென்னை தரமணியில் இருக்கிற மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் மாதிரி இடத்தில் தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோ படிக்க வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் சில மாதத்தில் வேலையோடு சர்டிஃபிகேட் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் பணம் கட்டிவிடாதீர்கள்.

உங்கள் பொண்ணு கேட்பது சோதனைக்கூட வேலை. ஒரு சேஃப்டி ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்பக்கத் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும், அதாவது 20 கிலோ எடையைச் சுமார் 1 மீட்டர் உயரத்திலிருந்து போட்டாலும் உள்ளே விரல் நசுங்காத அளவுக்கு இடம் மிஞ்ச வேண்டும். இந்த ஷூக்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு 2020இல் ஆணை போட்டது, முத்திரை வாங்கினால் தொடர்ந்து சோதித்துப் பதிவு வைத்தாக வேண்டும், அதைச் செய்ய ஆள் வேண்டும். கொரோனா காலத்தில் கவச உடை தயாரித்தவர்கள் சர்டிஃபிகேட்டுக்காக ஓடி வந்தது கோவையில் இருக்கிற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவுக்குத்தான். செயற்கை ரத்தத்தைத் துணிமேல் அழுத்திப் பார்ப்பார்கள். துணி தாங்கினாலும் தையல் வழியே கசிந்தால் ஃபெயில், தையல்மேல் டேப் ஒட்டுகிற மெஷினுக்கு அப்போது அவ்வளவு கிராக்கி வந்ததும் அதனால்தான்.

ஆராய்ச்சிக்கும் நிறைய இடம் இருக்கிறது. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கான அரசு நிறுவனமான நியோஷ் அங்கீகரிக்கிற என்95 மாஸ்க்கின் வடிகட்டி சோதனைத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். சரி, பிடித்துவிட்டது, ஆனால் கன்னத்தோரம் இடைவெளி விட்டால் என்ன பயன்? முகத்துக்கு முகம் அளவு மாறும், பெண்கள் கைக்குப் பொருந்துகிற கையுறை கிடைப்பதே பல ஆலைகளில் பாடாக இருக்கிறது. வெயிலில் வேர்த்துக் கொட்டினால் தொழிலாளி கழற்றி வைத்துவிடுவார், அதையும் யாராவது யோசித்து வடிவமைக்க வேண்டும். இதையெல்லாம் பொண்ணிடம் சொல்லிப் பாருங்கள், அவளுக்குக் கண் மின்னினால் சரியான ஆள்தான்.

என்ன படிப்பது? இந்த வேலைக்கென்றே ஒரு இளநிலைப் பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம், துணி, தோல், பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருளைப் பற்றிப் படிக்கட்டும். டெக்ஸ்டைல் டெக்னாலஜி என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) அல்லது கோவை பிஎஸ்ஜி. லெதர் டெக்னாலஜியும் ஏ.சி. டெக்கில் உண்டு, பக்கத்திலேயே அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமான சிஎல்ஆர்ஐ இருப்பது பெரிய வசதி. பிளாஸ்டிக், பாலிமர் பக்கம் ஆர்வமிருந்தால் கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான சிப்பெட். மெக்கானிக்கலோ வேதியியலோ கிடைத்தாலும் கதவு மூடிவிடாது. பொறியியல் முடிப்பவர்கள் எழுதுகிற கேட் தேர்வை மட்டும் விட்டுவிட வேண்டாம், ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கிற மத்திய அரசு அமைப்பான பிஐஎஸ்ஸில் சயின்டிஸ்ட் பி என்கிற விஞ்ஞானி பணிக்கு கேட் மதிப்பெண் வைத்துத்தான் ஆள் எடுக்கிறார்கள், எம்.டெக். ஆராய்ச்சிக்கும் அதுவே உதவும்.

கசப்பான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தனியார் சோதனைக்கூடத்தில் ஆரம்பச் சம்பளம் ஐடி வேலையோடு போட்டி போடாது. ஒரே சோதனையை ஒரே மாதிரி, ஒரே வெப்பநிலையில், நாள் முழுக்கச் செய்ய வேண்டியிருக்கும், எழுத்து வேலையும் மலைபோல இருக்கும். அப்புறம், ஃபெயில் என்று ரிப்போர்ட் எழுதினால் தயாரிப்பாளர் போன் போட்டுக் கெஞ்சுவார், சிலர் மிரட்டவும் செய்வார்கள், மேலே இருப்பவரே "இன்னொரு பீஸை டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்" என்று இழுப்பதும் நடக்கும். அப்போது ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணை மாற்றாமல் நிற்கிற பிடிவாதம் உங்கள் பொண்ணுக்கு இருக்கிறதா என்பதை என்னைவிட நீங்கள்தான் அறிவீர்கள்.

கவுன்சலிங்கில் கல்லூரி விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன்னால் அந்த வரிசையை எனக்கு அனுப்புங்கள், கட்-ஆஃப் மதிப்பெண்ணோடு சேர்த்து. பார்த்துச் சொல்கிறேன்.